பழைய காரில் முள் சொல்வது மெய்யா, பொய்யா?

கோவையைச் சுற்றி மலைப் பாதைகள் அதிகம். வடக்கே நீலகிரி. தெற்கே ஆனைமலை. மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு வந்ததும் ரோடு மேலே ஏறத் தொடங்கிவிடும். ஆழியாறில் இருந்து வால்பாறைக்குப் போனால் 40 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரியில் இருந்து திம்பம் ஏறினால் 27 வளைவுகள்.

இந்தப் பாதைகளில் ஒன்றில் பழைய அம்பாசிடர் கார் ஏறுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். உள்ளே ஒரு குடும்பமே இருக்கிறது. பாட்டி முதல் கைக்குழந்தை வரை எட்டுப் பேர். (அம்பாசிடரில் எட்டுப் பேர் ஏறுவது கொங்கு நாட்டில் அதிசயம் அல்ல.) பாதி மலையில் டிரைவரின் முகம் மாறுகிறது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே போய் ஒட்டிக் கொண்டு நிற்கிறது.

எஞ்சின் உண்மையிலேயே கொதிக்கிறதா? அல்லது முள் பொய் சொல்கிறதா?

முள் சொல்வது மெய்யாக இருந்து, அதை நம்பாமல் ஓட்டினால் எஞ்சினின் தலைப்பாகம் வளைந்து விடும். ‘காஸ்கெட்’ கருகிப் போகும். செலவு ஆயிரக்கணக்கில் வரும். முள் சொல்வது பொய்யாக இருந்து, அதை நம்பி எஞ்சினைப் பிரித்தால் அதுவும் வீண் செலவு. பிரித்த எஞ்சின் பழையபடி ஓடும் என்பதற்கும் உறுதி இல்லை.

ஆகவே, முள்ளை எப்போது நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்று தெரிந்து கொள்வது நல்லது. இதற்குப் பெரிய படிப்பு தேவை இல்லை. ஒரு துண்டு ஒயரும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

கோவையும் முள்ளும்

மோட்டார் வண்டி கோவைக்குப் பழைய சொந்தம். 1920-ல் ஜி.டி.நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ் விட்டார். டிரைவரும் அவரே. அந்த ஒரு பஸ்தான் பிறகு யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. அவருடைய குடும்பத்தார் சேர்த்து வைத்த பல நாட்டுப் பழைய கார்களை, அவினாசி ரோட்டில் உள்ள கார் மியூசியத்தில் இன்றும் பார்க்கலாம். அது 2015-ல் திறக்கப்பட்டது.

அந்த மியூசியத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் வண்டியின் வெளியழகை மட்டும் பார்த்துவிட்டு வந்து விடுகிறார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள வட்ட மீட்டர்களையும் பார்க்க வேண்டும். வண்டியின் வயது அங்கேதான் தெரியும்.

இன்னொரு செய்தி. டாஷ்போர்டு மீட்டர்களைச் செய்வதில் இந்தியாவில் பெயர் பெற்ற கம்பெனிகளில் ஒன்று கோவைக்காரர்களுடையதுதான். மேட்டுப்பாளையம் ரோட்டில், பெரியநாயக்கன்பாளையத்தில் 1970-களில் அது தொடங்கியது. ‘பிரிக்கால்’ என்ற பெயரை மோட்டார் சைக்கிள் மீட்டரின் மேலே பலர் பார்த்திருப்பார்கள். முள் செய்கிற ஊரில் இருந்து கொண்டு முள்ளைப் பற்றித் தெரியாமல் இருக்கலாமா?

முள் இல்லாத காலம்

முதலில் வந்த கார்களில் முள்ளே கிடையாது. அமெரிக்காவில் 1908 முதல் 1927 வரை ‘போர்டு மாடல் டி’ கார்கள் ஒன்றரைக் கோடி செய்யப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், சீட்டைத் தூக்கி, டாங்கிக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். நம் வீட்டில் மண்ணெண்ணெய் டின்னில் குச்சி விட்டுப் பார்த்தது போலத்தான்!

ஜெர்மன் நாட்டு ‘பீட்டில்’ காரிலும் 1961 வரை சாதாரணமாகப் பெட்ரோல் முள் கிடையாது. எஞ்சின் இருமினால், காலுக்குப் பக்கத்தில் உள்ள ‘ரிசர்வ்’ திருகைத் திருப்ப வேண்டும். மிச்சம் உள்ள பெட்ரோல் வரும். அதற்குள் பங்க்கைப் பிடிக்க வேண்டும்.

நம் நாட்டில் ஓடிய அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களில் முள் உண்டு. வங்காளத்தில் உத்தரபாராவில் செய்யப்பட்ட அம்பாசிடர் 1950-களின் கடைசியில் வந்தது. 2014-ல் நின்றது. இன்று அந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் தேவைக்காக வைத்திருப்பதில்லை. அப்பா வாங்கிய வண்டி, அக்கா கல்யாணத்துக்கு ஓடிய வண்டி என்ற ஆசையில் வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டியில் முள் கெட்டால், உடனே புது மீட்டர் வாங்கி மாட்டி விடுவதா? பழைய மீட்டர் நன்றாகவே இருக்கும். கோளாறு ஒரு துருப்பிடித்த திருகாணியில் இருக்கும்.

ஒரு முள்ளா, இரண்டு முள்ளா?

கோவைப் பட்டறைகளில் இந்த மாதிரிப் பேச்சைக் கேட்கலாம்:

“ஏனுங்கண்ணா, பெட்ரோல் முள்ளு எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க. புதுசா ஒண்ணு மாட்டிப் போடலாங்களா?”

“சித்தெ பொறுங்க தம்பி. சூட்டு முள்ளு எந்திரிக்குதா?”

“அதுவும் எந்திரிக்கலீங்க.”

“அப்படின்னா மீட்டர்ல கோளாறு இருக்காதுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல காய்ச்சல் வருமா?”

இதுதான் முதல் கேள்வி. அனுபவம் உள்ள எலக்ட்ரீஷியன் வண்டியைத் தொடுவதற்கு முன்பே இதைக் கேட்டு விடுவார். கெட்டது ஒரு முள்ளா, இரண்டு முள்ளா?

1960-களை ஒட்டி வந்த பல ஆங்கிலேய மாதிரி வண்டிகளில், பெட்ரோல் முள்ளுக்கும் சூட்டு முள்ளுக்கும் ஒரே இடத்தில் இருந்துதான் கரண்ட் வரும். அந்த இடத்துக்கு ‘ஸ்டெபிலைசர்’ என்று பெயர். தீப்பெட்டியை விடச் சிறிய தகர டப்பா. டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்து கொண்டிருக்கும்.

அது எதற்கு? பாட்டரியின் கரண்ட் ஒரே அளவில் இருப்பதில்லை. வண்டி நிற்கும்போது 12 வோல்ட் இருக்கும். எஞ்சின் வேகமாக ஓடினால் 14 வோல்ட்டுக்கும் மேலே போகும். அதை அப்படியே முள்ளுக்குக் கொடுத்தால், வண்டி வேகமாகப் போகும்போது டாங்கியில் பெட்ரோல் கூடியது போலக் காட்டும்! ஸ்டெபிலைசர் கரண்டை விட்டு விட்டுக் கொடுத்து, சராசரியாக 10 வோல்ட் அளவில் நிறுத்துகிறது.

இந்த டப்பாவுக்குள் கரண்ட் அறுந்து போனால் இரண்டு முள்ளும் படுத்து விடும். டப்பாவுக்குள் ஒட்டிக் கொண்டால் இரண்டு முள்ளும் தேவைக்கு மேல் ஏறி விடும்.

இன்னொன்றும் உண்டு. இதுதான் பலரை ஏமாற்றுகிறது. டப்பாவை ஒரு சிறு திருகாணி வண்டியின் உடம்போடு சேர்த்துப் பிடித்திருக்கும். அதுதான் அதற்கு ‘எர்த்’. அந்தத் திருகாணி துருப்பிடித்தாலும் லூசானாலும் டப்பா வேலை செய்யாது. 12, 14 வோல்ட் அப்படியே முள்ளுக்குப் போகும். சூட்டு முள் மேலே ஏறும். டிரைவர் பயந்து ரேடியேட்டரைக் கழற்றுவார். தெர்மோஸ்டாட்டை மாற்றுவார். தண்ணீர்ப் பம்பைப் பிரிப்பார். முள் இறங்காது! கடைசியில் யாராவது, “பெட்ரோல் முள்ளும் கூடவே அதிகமாகக் காட்டுகிறதே, பார்த்தீர்களா?” என்று கேட்பார்கள். திருகாணியைச் சுரண்டி இறுக்கினால் வேலை முடிந்தது.

மலையில் முள் ஏறினாலும் இந்தக் கேள்வி உதவும். சூட்டு முள்ளோடு பெட்ரோல் முள்ளும் திடீரென்று ஏறியிருந்தால், கோளாறு பெரும்பாலும் கரண்டில்தான். பெட்ரோல் தானாக ஊறாது அல்லவா?

இரண்டும் செத்துக் கிடந்தால் முதலில் பியூஸைப் பார்க்க வேண்டும். பழைய வண்டியில் பியூஸ் எரியாமலே கெடும். அது உட்காரும் பித்தளைக் கவ்வியில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சரியாகி விடும்.

பெட்ரோல் முள் மட்டும் கெட்டால்

டாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. கிணற்றில் மிதக்கும் தேங்காய் போல, பெட்ரோல் ஏறினால் அதுவும் ஏறும். இறங்கினால் இறங்கும். மிதவையோடு ஒரு கை. கையின் மறுமுனை ஒரு கம்பிச் சுருளின் மேல் வழுக்கிக் கொண்டு போகும். அது போகிற இடத்தைப் பொறுத்து கரண்டுக்குத் தடை கூடும் அல்லது குறையும். அதற்கு ஏற்றபடி டாஷ்போர்டில் முள் நகரும்.

ஆக, மூன்று இடங்கள். டாங்கியில் உள்ள மிதவை. நடுவே ஓடும் ஒயர். டாஷ்போர்டில் உள்ள மீட்டர். கோளாறு எங்கே?

இதைக் கண்டுபிடிக்கப் பட்டறையில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். டாங்கியில் இருந்து மீட்டர் ஒயரைக் கழற்றி விடுவார்கள். சாவியைப் போட்டு முள்ளைப் பார்ப்பார்கள். பிறகு சாவியை அணைத்துவிட்டு, அந்த ஒயரை வண்டியின் உடம்பில் நல்ல இரும்பாகப் பார்த்துச் சேர்ப்பார்கள். மீண்டும் சாவியைப் போட்டு முள்ளைப் பார்ப்பார்கள்.

ஸ்டெபிலைசர் உள்ள வண்டி என்றால், ஒயர் தொங்கும்போது முள் ‘காலி’யில் நிற்க வேண்டும். ஒயரை உடம்போடு சேர்த்தால் மெல்ல மெல்ல ‘புல்’லுக்கு ஏற வேண்டும். ஏறினால் மீட்டரும் நல்லது, ஒயரும் நல்லது. குற்றவாளி டாங்கிக்குள் இருக்கிறான்.

அதற்கும் முந்தைய காலத்து வண்டிகளில் இது தலைகீழ். அந்த மீட்டரில் இரண்டு காந்தச் சுருள்கள் இருக்கும். ஒயரைக் கழற்றினால் முள் ‘புல்’ காட்டும். உடம்போடு சேர்த்தால் ‘காலி’ காட்டும். இது தெரியாதவர்கள் நல்ல மீட்டரைக் கெட்டது என்று தூக்கிப் போட்டு விடுகிறார்கள்!

இரண்டில் எது உங்கள் வண்டியில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்து கொள்வது? சாவியைப் போடுங்கள். முள் சோம்பேறி போல மெல்ல எழுந்தால் ஸ்டெபிலைசர் ஜாதி. சுரீர் என்று துள்ளினால் காந்த ஜாதி.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். சாவி போட்டிருக்கும்போது டாங்கியின் அருகே ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கக் கூடாது. பொறி பறக்கும். பெட்ரோல் ஆவி அங்கேயே இருக்கிறது. பெட்ரோல் வாசனை அடித்தால் இந்த வேலையையே தொடக் கூடாது. முதலில் ஒழுகலை நிறுத்த வேண்டும். அடுத்தது, முள் ‘புல்’லைத் தொட்டதும் உடனே சாவியை அணைத்துவிட வேண்டும். வெகுநேரம் விட்டால் நல்ல மீட்டரும் கருகும்.

டாங்கிப் பக்கம்தான் கோளாறு என்று தெரிந்த பிறகும் அவசரப்பட்டு மிதவையைக் கழற்ற வேண்டாம். டாங்கியில் இருந்து வண்டியின் சட்டத்துக்குத் தனியாக ஒரு ஒயரை இழுத்துக் கட்டிப் பார்க்க வேண்டும். பெயிண்ட் அடித்து, துருவேறி, ரப்பர் வைத்து டாங்கியை மாட்டியிருப்பார்கள். எர்த் கிடைக்காமல் போயிருக்கும். பழைய வண்டியில் பாதிக் கோளாறு எர்த் கோளாறுதான் என்று எலக்ட்ரீஷியன்கள் சொல்வது மிகைப் பேச்சு அல்ல.

எர்த்தும் சரி என்றால் மிதவையைக் கழற்ற வேண்டியதுதான். பித்தளை மிதவையைக் காதருகே வைத்து ஆட்டினால் ‘சளக் சளக்’ என்று சத்தம் வரும். ஊசி முனை அளவு ஓட்டை விழுந்து, பெட்ரோல் உள்ளே புகுந்திருக்கும். மூழ்கிய மிதவை எப்படி ஏறும்? டாங்கி நிறைந்திருந்தாலும் முள் காலி என்றே சொல்லும். அந்த ஓட்டையை வீட்டில் ஈயம் வைத்து அடைக்க முயலக் கூடாது. உள்ளே பெட்ரோல் இருக்கிறது, வெடிக்கும். தெரிந்தவர்கள் பெட்ரோலை முழுதும் வெளியேற்றிய பிறகே அடைப்பார்கள். வேறு மிதவை கிடைத்தால் அதை மாற்றுவதே நல்லது.

வேறு மிதவை என்றதும் ஒரு வார்த்தை. மீட்டரும் மிதவையும் கணவன் மனைவி போல ஜோடியாக வருபவை. ஒரு வண்டியின் மிதவையை வேறு வண்டியின் மீட்டரோடு சேர்த்தால், டாங்கி நிறைய நிறைய முள் இறங்குகிற வேடிக்கையும் நடக்கும். எஞ்சினை மாற்றிய அம்பாசிடர்களில் சூட்டு முள் தாறுமாறாகக் காட்டுவதும் இப்படித்தான். புது எஞ்சினின் சூட்டு உணரியும் பழைய மீட்டரும் பொருந்துவதில்லை.

பொய்ப் பயமும் பொய் நிம்மதியும்

மலைப் பாதைக்கு வருவோம். சூட்டு முள் இரண்டு விதமாகப் பொய் சொல்லும்.

எஞ்சினில் இருந்து வரும் ஒயரின் மேல்தோல் உரிந்து இரும்பில் உரசினால், முள் உச்சிக்கு ஏறி நிற்கும். இது பொய்ப் பயம். நேரம் வீணாகும், அவ்வளவுதான்.

அதே ஒயர் அறுந்து தொங்கினால் முள் கீழேயே படுத்துக் கிடக்கும். எஞ்சின் கொதித்தாலும் ‘குளிர்ச்சி’ என்றே சொல்லும். இது பொய் நிம்மதி. இதுதான் வண்டியைக் கொல்லும். முள் மேலே போனால் எல்லோரும் பதறுகிறார்கள். மேலே போகவே போகாத முள்ளைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

இன்னொரு கொடுமையும் உண்டு. தண்ணீர் முழுதும் வற்றிப் போனால், சூட்டை அளக்கும் உணரி தண்ணீரில் நனையாமல் வெறும் காற்றில் நிற்கும். அப்போது உயர்ந்திருந்த முள் இறங்கக் கூடும். “அப்பாடா, சூடு தணிந்தது” என்று டிரைவர் மிதிப்பார். எஞ்சின் அதோடு சரி.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விற்கிறவர் ஒயரைக் கழற்றி விட்டிருந்தால் முள் நல்ல பிள்ளையாகக் கீழேயே நிற்கும். வண்டியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, முள் எழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

முள் மெய் சொல்லியும் வண்டி கொதிக்கிற கதை ஒன்று மலைக்கே உரியது. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். உயரம் போகப் போக, சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் குறையும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்து விடும். ஊட்டியில் பருப்பு வேகத் தாமதமாவதும் இதனால்தான்.

ரேடியேட்டர் மூடி இதற்குத்தான் ஸ்பிரிங் வைத்து அழுத்தமாகச் செய்யப்பட்டிருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 ராத்தல் அழுத்தம் தாங்கும் மூடி, கொதிக்கும் சூட்டைப் பத்து டிகிரிக்கு மேல் உயர்த்திக் கொடுக்கும். குக்கர் மூடியின் வேலைதான். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் இந்தப் பத்து டிகிரி போய்விடும். முள் சிவப்பைத் தொடுவதற்கு முன்பே குன்னூர் அருகே ஆவி பறக்கும். முள்ளைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

எப்படி இருந்தாலும், மலையில் முள் ஏறினால் முதல் வேலை வண்டியை ஓரம் கட்டுவதுதான். ஆராய்ச்சி பிறகு. பானட்டைத் தூக்கினால் ஆவி வருகிறதா, தண்ணீர் சிந்தியிருக்கிறதா, விசிறி பெல்ட் இருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். அரைமணி நேரமாவது பொறுக்க வேண்டும். குழந்தைகளைக் கிட்டே விடக் கூடாது.

ஆயில் முள்

மற்ற முட்கள் எல்லாம் எச்சரிக்கும். ஆயில் அழுத்த முள் கட்டளையே இடும். ஓடும் வண்டியில் அது பூஜ்யத்துக்கு விழுந்தால் அந்த நிமிடமே எஞ்சினை அணைக்க வேண்டும். அடுத்த ஊர் வரை போகலாம் என்பதெல்லாம் கூடாது.

பழைய வண்டிகளில் இந்த முள்ளுக்குக் கரண்டே கிடையாது. எஞ்சினில் இருந்து ஒரு மெல்லிய குழாய் ஆயிலை மீட்டர் வரைக்கும் கொண்டு வரும். மீட்டருக்குள் தட்டையான ஒரு வளைந்த குழாய் இருக்கும். தேர்த் திருவிழாவில் குழந்தைகள் வாங்கும் காகித ஊதல் தெரியும் அல்லவா? ஊதினால் சுருள் நிமிரும். விட்டால் சுருளும். அதே வித்தைதான். அழுத்தம் வந்தால் குழாய் நிமிர்ந்து முள்ளை நகர்த்தும். பிரான்ஸ் நாட்டு யூஜின் போர்டோன் 1849-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்.

முள் விழுந்தால் முதலில் ஆயில் குச்சியை இழுத்து அளவைப் பார்க்க வேண்டும். ஆயில் சரியாக இருந்தால், நல்லது என்று தெரிந்த வேறு மீட்டர் ஒன்றைப் பட்டறையில் மாட்டிப் பார்ப்பார்கள். அதிலும் முள் எழவில்லை என்றால் கோளாறு எஞ்சினில். அதுவரை எஞ்சினை ஓட்டிச் சோதனை செய்யலாகாது.

வேக முள்ளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனியின் ஓட்டோ ஷூல்ஸே 1902-ல் காப்புரிமை பெற்ற முறை அது. சுழலும் காந்தம் ஒரு கிண்ணத்தைத் தன் பின்னே இழுக்கும். முள் நடுங்கினால் கேபிள் காய்ந்து விட்டது அல்லது எங்கோ மடங்கி இருக்கிறது என்று பொருள். கேபிளைக் கழற்றிக் கொஞ்சம் கிரீஸ் போட வேண்டும். நிறையப் போட்டால் கிரீஸ் மீட்டருக்குள் ஏறி அதையும் கெடுத்து விடும்.

சரி செய்த பிறகு

பெட்ரோல் முள்ளைச் சரி செய்தவர்கள் உடனே நீண்ட பயணம் கிளம்பி விடுகிறார்கள். மிதவையின் கை கொஞ்சம் வளைந்திருந்தாலும் முள் கால் டாங்கி தவறாகக் காட்டும். பவானிசாகர் தாண்டிக் காட்டுக்குள் நின்று விட்டால் யாரைக் கூப்பிடுவது?

கோவையின் பழைய வண்டிப் பிரியர்கள் செய்யும் முறை எளியது. டாங்கி ஏறக்குறைய காலியாக இருக்கும் போது, வண்டியைச் சமதளத்தில் நிறுத்துகிறார்கள். ஐந்து ஐந்து லிட்டராகப் பெட்ரோல் போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் சாவியைப் போட்டு, முள் அடங்கும் வரை ஒரு நிமிடம் பொறுத்து, அது எங்கே நிற்கிறது என்று ஒரு சீட்டில் குறித்துக் கொள்கிறார்கள். அந்தச் சீட்டை டாஷ்போர்டு பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டி விடுகிறார்கள். முள் கால் கோட்டில் நிற்கும்போது டாங்கியில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பது அதில் எழுதியிருக்கும்.